பிளானில் இல்லாத பெட்டி: வீட்டு வரைபடம் போடும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கும் பிளான் வரைந்து கொடுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். வீடுகளுக்கு வயரிங் செய்வது என் தொழில். நீங்கள் போடும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். கட்டிலின் தலைமாடு எந்தப் பக்கம் என்று அதில் இருக்கும். சோபா, சாப்பாட்டு மேசை, வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கும். சில பிளானில் துளசி மாடம்கூட அழகாக வரைந்திருப்பீர்கள். வீட்டுக்குள் வரும் மொத்தக் கரண்டும் பிரிந்து போகிற டி.பி. பெட்டி மட்டும் இருக்காது. எலெக்ட்ரிகல் டிராயிங் தனியாகப் போடுகிற பெரிய அலுவலகங்களை விட்டுவிடுகிறேன். நான் சொல்வது தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு எழும்புகிற சாதாரண வீடுகளைப் பற்றி: அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனை, கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க்.

அந்தப் பெட்டியின் இடம் எப்போது முடிவாகிறது என்பது உங்களுக்கும் தெரியும். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்து, மறுநாள் கான்கிரீட் என்கிற நிலையில் எங்களைக் கூப்பிடுவார்கள். கூரைக்குள் பைப் போட வேண்டும். பைப்பெல்லாம் எந்தச் சுவரில் வந்து இறங்க வேண்டும் என்று நாங்கள் கேட்கும்போதுதான் பெட்டி என்று ஒன்று இருப்பதே எல்லோருக்கும் நினைவு வரும். மேஸ்திரி உங்களுக்குப் போன் போடுவார். நீங்கள் வேறு சைட்டில் இருப்பீர்கள். "கண்ணுல படாத மாதிரி ஓரமா எங்கயாவது வைக்கச் சொல்லுங்க" என்று பதில் வரும். மறுநாள் கான்கிரீட் விழுந்துவிட்டால் அந்த வீடு நிற்கிற வரைக்கும் பெட்டி அங்கேதான். பிறகு மாற்றுவதென்றால் சுவரை வெட்டி, எல்லா வயரையும் நீட்டி, ஜாயிண்ட் போட்டு, பூசி, பெயிண்ட் அடிக்க வேண்டும். எந்த வீட்டுக்காரரும் அதற்குத் துணிய மாட்டார்.

அந்த "ஓரமா" என்பது கடைசியில் எங்கே போய் நிற்கிறது தெரியுமா? வாசல் கதவைத் திறந்தால் அதன் முதுகுக்குப் பின்னால். குளியலறைச் சுவரின் மறுபக்கம். சமையலறை மேடைக்கு மேலே, மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில். மாடிப்படிக்கு அடியில். இல்லாவிட்டால் லிண்டலுக்கு மேலே, ஸ்டூல் போட்டால்தான் எட்டும் உயரத்தில்.

பியூஸ் கட்டை காலத்தில் இது இவ்வளவு பெரிய விஷயமில்லை. திண்ணையில் மீட்டர், அதற்கடியில் பீங்கான் கட்டை. என்றைக்காவது பியூஸ் போகும். தெருவில் கம்பி சுற்றத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், அவர் வந்து போட்டுவிட்டுப் போவார். அந்தக் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதில் தடிக்கம்பியைச் சுற்றி வைத்து வயரையே எரிய விட்ட கதைகளும் உண்டு, அது வேறு. இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. பெட்டிக்குள் எம்.சி.பி. வரிசை இருக்கிறது, கரண்ட் அளவுக்கு மீறினால் அந்தந்த லைனைத் தானே துண்டிக்கிற சுவிட்சுகள். அதற்கு முன்னால், கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இருக்கிறது. புதிய இணைப்புக்கு இது இப்போது இருந்தாக வேண்டும். உள்ளே போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இல்லாமல் 30 மில்லி ஆம்பியர் எங்கேயோ கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். மனித உயிரைக் காப்பாற்றுகிற சாதனம், சந்தேகமே இல்லை. ஆனால் மழைக்காலத்தில் ஹீட்டரில் கொஞ்சம் ஈரம், சம்ப் மோட்டார் வயரில் ஒரு கீறல், வெளிவாசல் விளக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் என்றாலும் வீடு முழுக்க இருட்டாகிவிடும். அப்போது வீட்டில் இருப்பவர் பெட்டியைத் திறந்து, எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்து, எதைப் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது, அதாவது துண்டிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கசிவு நியூட்ரலில் இருந்தால் இந்த வழியிலும் பிடிபடாது, எங்களைத்தான் கூப்பிட வேண்டும். பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இதை ராத்திரி பதினோரு மணிக்கு, ஒரு கையில் செல்போன் வெளிச்சத்தோடு, எழுபது வயது அம்மா ஒருவர் தனியாகச் செய்யும்படி பெட்டி இருக்க வேண்டும். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பொத்தான் ஒன்று உண்டு. அதை அவ்வப்போது அழுத்தி, விழுகிறதா என்று பார்க்கச் சொல்லித்தான் கம்பெனிக்காரர்கள் விற்கிறார்கள். லிண்டலுக்கு மேல் இருக்கிற பெட்டியில் யார் போய் அழுத்துவார்கள்?

உயரத்தைப் பற்றி நீங்களும் நானும் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுமில்லை. வயரிங்குக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 732, தேசியக் கட்டட விதித் தொகுப்பு இரண்டும் எப்போதோ சொல்லிவிட்டன: பியூஸ் மாற்றுகிற பெட்டி தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. முன்பக்கம் கதவு போட்டு முழுக்க மூடியிராத போர்டின் அடிப்பகுதி 1.25 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது. கதவு வைத்த பெட்டிதான் நாம் மாட்டுகிறோம் என்பதால் நெஞ்சு உயரத்துக்கும் கண் உயரத்துக்கும் நடுவில் தாராளமாக வைக்கலாம். "குழந்தை கைக்கு எட்டிவிடும்" என்று வீட்டுக்காரர் சொல்வார். அவர் பயம் நியாயமானது. அதற்கு வழி, தாழ் போட்ட கதவுள்ள பெட்டி. குழந்தைக்கு எட்டக்கூடாது என்று பாட்டிக்கும் எட்டாமல் செய்துவிடக்கூடாது.

எங்கே கூடாது என்பதும் அதே தொகுப்பில் இருக்கிறது. அடுப்புக்கு மேல், சிங்க்குக்கு மேல், குளியலறையில், கழிப்பறையில், சமையலறையில் கூடாது. துணி துவைக்கும் இடத்தில் இருந்து 2.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்தில் கூடாது. காற்றோட்டமான, ஈரமில்லாத இடமாக இருக்க வேண்டும்.

இதில் சமையலறைதான் எனக்கு அதிகத் தலைவலி கொடுக்கிற இடம், அதற்குக் காரணம் வாஸ்து. மின்சாரம் என்றால் அக்னி, ஆகவே பெட்டி தென்கிழக்கில், அக்னி மூலையில் வர வேண்டும் என்பார்கள். சரி. ஆனால் சமையலறையும் அதே அக்னி மூலையில்தானே வருகிறது? இரண்டையும் ஒரே மூலைக்குத் தள்ளினால் பெட்டி நேராக அடுப்பு மேடைக்கு வந்து நிற்கும். சிலிண்டர் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். கேஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதே, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது என்பதுதான் பாடம். வீட்டு மெயினே அந்தச் சமையலறைக்குள் இருந்தால் கரண்டை எப்படி நிறுத்துவது? வீட்டுக்காரரோடு வாஸ்து பற்றிச் சண்டை போட வேண்டாம், நானும் போடுவதில்லை. தென்கிழக்குப் பகுதியிலேயே, சமையலறைக்கு வெளியே, சாப்பாட்டு மேசைப் பக்கச் சுவரில் வைத்துக் கொடுத்தால் அவருக்கும் திருப்தி, நமக்கும் நிம்மதி. மீட்டர் பக்கத்தில் வீட்டுக்கு வெளியே ஒரு மெயின் சுவிட்சும் கட்டாயம் இருக்கட்டும்.

ஈரம் பற்றி இரண்டு விஷயம். குளியலறையோடு ஒட்டிய சுவரில் பெட்டியைப் பதித்தால், சுவருக்குள் போகிற தண்ணீர்க் குழாயில் என்றைக்கோ வரப்போகிற கசிவு முதலில் பெட்டிக்குள்தான் தெரியும். பூச்சு உப்பிக்கொண்டு வருவதற்கு முன்னாலேயே உள்ளே திருகாணிகளில் பச்சை பூத்திருக்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, மொட்டை மாடியில் இருந்து இறங்கும் பைப். டேங்க் விளக்குக்கோ டிஷ்ஷுக்கோ போட்ட பைப்பின் வாயை மூடாமல் விட்டால், ஐப்பசி மழை அதன் வழியாக நடந்து வந்து பெட்டிக்குள் சொட்டும். அதை அடைப்பது எங்கள் வேலைதான். ஆனால் அந்தப் பைப் நேராகப் பெட்டிக்குள் இறங்காமல் பக்கவாட்டில் வந்து சேரும்படி சுவரைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. பல்லி, எறும்பு பற்றி எழுதினால் இந்த மடல் முடியாது. ஓட்டைகளை மூடுவோம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வெயிலையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டு எம்.சி.பி.க்கள் 30 டிகிரி செல்சியஸை அடிப்படையாக வைத்து அளவிடப்பட்டவை. உள்ளே இருக்கிற இரட்டை உலோகப் பட்டை சூட்டில் வளைந்துதான் ஓவர்லோடைத் துண்டிக்கிறது. கரண்டினால் வந்த சூடா, வெளியில் இருந்து வந்த சூடா என்று அதற்குத் தெரியாது. வேலூரிலோ திருச்சியிலோ மேற்குப் பார்த்த வெளிச்சுவரில், நிழலே இல்லாத இடத்தில் இரும்புப் பெட்டியை வைத்துப் பாருங்கள். கத்திரி வெயிலில் சாயங்காலம் மூன்று ஏ.சி.யும் ஓடும்போது, தாங்க வேண்டிய அளவு தாங்காமல் எம்.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரர் "பெரிய சைஸ் போடுங்க" என்பார். விவரம் தெரியாத யாராவது போட்டும் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வயர் சூடானாலும் எம்.சி.பி. விழாது. தவறான சுவர் ஒன்று, கடைசியில் தவறான எம்.சி.பி.யில் கொண்டுவந்து விடுகிறது. கிழக்கோ வடக்கோ கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் மேலே சன்ஷேட் ஒன்று.

செலவும் இருக்கிறது. லோடு அதிகமாக இருக்கும் இடத்துக்கு நடுவில் பெட்டி இருக்க வேண்டும் என்பது பழைய விதி. படுக்கையறைகள் வீட்டின் பின்பக்கம், பெட்டி முன்வாசல் மூலை என்றால் ஒவ்வொரு ஏ.சி.க்கும் தனி லைன் வீட்டின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். ஒரு லைனுக்கு பேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று வயர். 15 மீட்டர் கூடுதலாக ஓடினால் 45 மீட்டர் வயர், இரண்டு ஏ.சி.க்கு 90 மீட்டர், அதாவது ஒரு முழுக் காயில் நீளம். செம்பு விற்கிற விலையில் இதைச் சொன்னால் மற்றதையெல்லாம் கேட்காத வீட்டுக்காரரும் காது கொடுப்பார். கீழும் மேலுமாக இரண்டு தளம் என்றால் தளத்துக்கு ஒரு பெட்டி வைத்துவிடுவதுதான் எல்லா வகையிலும் லாபம்.

அடுத்தது இன்வெர்ட்டர். 2010ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் வீடு வீடாக நுழைந்தது, இன்னும் போகவில்லை. வயர் மிச்சம் என்று பெட்டிக்கு நேர் கீழே, படிக்கட்டு அடியில், கதவு போட்ட அலமாரிக்குள் அதையும் பேட்டரியையும் தள்ளிவிடுகிறார்கள். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். மூடிய அலமாரிக்குள், தீப்பொறி வரக்கூடிய சுவிட்சுகளுக்குக் கீழே அது நிற்க வேண்டுமா? பேட்டரியைக் காற்றோட்டமான இடத்துக்குத் தள்ளுங்கள். ஆனால் இன்வெர்ட்டரை நிறுத்தும் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்திலேயே வேண்டும். மெயினை அணைத்தால் வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது என்று நினைத்து பேன் மாட்ட ஏறுகிறார்கள், இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். 2024இல் பி.எம். சூரிய கர் திட்டம் வந்த பிறகு கூரையில் சோலார் பேனல் வைக்கிறவர்களும் கூடியிருக்கிறார்கள். அதற்குத் தனிப் பெட்டிகள் வரும், பகலில் பேனலில் இருந்து இறங்கும் டி.சி. வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். நாளைக்கு வாசலில் மின்சாரக் கார் சார்ஜரும் வரும். ஆகவே பெட்டியைச் சுற்றிச் சுவரில் கொஞ்சம் காலி இடம் விடுங்கள்.

இப்போது மீட்டர் போர்டு. ஸ்டில்ட் பார்க்கிங் உள்ள, அதாவது தரைத்தளத்தைத் தூண்களோடு வண்டி நிறுத்த விட்ட அடுக்கு வீடுகளில் எல்லா வீட்டு மீட்டரும் மெயினும் மாடிப்படிக்கு அடியில் வரிசையாக இருக்கும். முன்னால் பைக்குகள். சில இடங்களில் அதே மூலையில் ஒரு சாக்கெட்டில் மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். அங்கே தீப்பிடித்தால் புகை மேலே போக இருக்கிற ஒரே வழி, மேலே இருப்பவர்கள் கீழே இறங்க இருக்கிற ஒரே வழி, இரண்டும் அந்தப் படிக்கட்டுதான். படிக்கட்டுப் பகுதியில் மின் பேனல் வைக்காதே என்று தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்வது இதற்காகத்தான். மெயின் போர்டுக்கு முன்னால் ஒரு மீட்டர் காலி இடம் விடு என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி சொல்கிறது. அந்த ஒரு மீட்டரைப் பிளானில் கட்டம் போட்டு அடைத்துக் காட்டினால்தான் அது பார்க்கிங்காக மாறாமல் இருக்கும்.

வெள்ளத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும் எப்படி இருந்தன என்று சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தரைத்தளத்தில் மீட்டரும் பெட்டியும் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் மேல்மாடிக்கும் கரண்ட் கொடுக்க முடியாது. தண்ணீர் வடிந்து, உள்ளே காய்ந்து, பரிசோதித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். இது லைன்மேனின் பிடிவாதமில்லை, தெருவில் நடப்பவரின் உயிர். உங்கள் சைட் இருக்கும் தெருவில் போன வெள்ளத்தின் கறை இன்னும் ஏதாவது காம்பவுண்டுச் சுவரில் இருக்கும். பக்கத்து வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள், நன்றாகவே சொல்வார்கள். அந்த மட்டத்துக்கு மேலே இரண்டு அடி விட்டு மீட்டர் போர்டின் அடிப்பகுதி வரட்டும். அப்படி வைத்தால் உயரம் 2 மீட்டரைத் தாண்டுகிறது என்றால் நாலு படி வைத்த ஒரு மேடை கட்டுங்கள். அப்புறம், சம்ப் மோட்டாருக்கும் தரைத்தள சாக்கெட்டுகளுக்கும் தனி ஆர்.சி.சி.பி. கொடுத்துவிட்டால், தண்ணீர் வடிந்து சப்ளை திரும்பும் நாளில் கீழே நனைந்த பகுதியை மட்டும் அணைத்து வைத்துவிட்டு மேலே விளக்கு எரிய வைக்கலாம். இதற்காகத் தனி பைப் வழி வேண்டும் என்று முதலிலேயே தெரிந்தால் எங்களுக்கு அரை நாள் வேலைதான்.

வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டுகிற வீடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே பாதிக்கப்படுகிறவர் உங்கள் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர் இல்லை. மேல்வீட்டுக்கான மெயின், வீட்டுக்காரர் குடியிருக்கிற கீழ்வீட்டின் பூட்டிய வராந்தாவுக்குள் இருக்கும். அவர் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருக்கும்போது மேலே டிரிப் ஆனால் கைக்குழந்தையோடு இருப்பவர் விடியும்வரை புழுக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஷாக் அடித்தால் அணைப்பதற்குக்கூட வழியில்லை. யார் வீட்டுக் கரண்டோ, அவர் வீட்டுக்குள் பெட்டி. இதில் விவாதத்துக்கு இடமே இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கேதான் வைப்பது என்று கேட்பீர்கள். என் தேர்வு: வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும், கதவு திறக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், ஹாலும் படுக்கையறை நடையும் சந்திக்கும் சுவர். மறுபக்கம் குளியலறை இல்லாத சுவர். எல்லோரும் பார்க்கிற இடம்தான். பார்வைக்கு நன்றாக இல்லை என்று இண்டீரியர் வேலை செய்பவர்கள் அதன் மேல் பிளைவுட் அலமாரி போட்டு மறைப்பார்கள், டிவி யூனிட்டுக்குள் புதைப்பார்கள், ஆளுயரக் கண்ணாடி மாட்டுவார்கள். ஒரு டெர்மினலில் திருகாணி தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், கருகும், வாடை வரும். பிளைவுட்டுக்குப் பின்னால் இருந்தால் வாடை நம் மூக்குக்கு வருவதற்குள் பிளைவுட்டுக்குத் தெரிந்துவிடும். நல்ல மூடியோடு, சுவர் நிறத்திலேயே பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. முருகன் காலண்டர் மாட்டி மறைக்கிறவர்களை மட்டும் நான் ஒன்றும் சொல்வதில்லை, காலண்டரைத் தூக்கினால் போதும். உள்ளே எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று தமிழில் எழுதி ஒட்டுவது எங்கள் பொறுப்பு. பலர் செய்வதில்லை, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் இப்போது உங்களிடம் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2024 ஜூலையில் இருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையுள்ள வீட்டுக்குச் சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு, அலைச்சல் மிச்சம். ஆனால் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பிளானை உட்கார்ந்து பார்க்கிற கண் இனி உங்களுடையது மட்டும்தான். பெட்டி இருக்கும் சுவரில் ஒரு சின்னக் கட்டம், பக்கத்தில் "டி.பி." என்று இரண்டு எழுத்து, தரையில் இருந்து அடிப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் என்று ஓர் எண். மீட்டர் போர்டுக்கும் அதே மாதிரி. இவ்வளவுதான் கேட்கிறேன்.

இதன் நகலைத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்கும் அனுப்புகிறேன். கழகத்தாருக்கு ஒரு வார்த்தை: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருபவருக்கு மீட்டர் எட்டுகிறதா என்று பார்த்துத்தான் நீங்கள் இணைப்புக் கொடுக்கிறீர்கள். மீட்டரைத் தாண்டினால் வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு, அதுவும் சரி. இணைப்புக்காக நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற வயரிங் சோதனை அறிக்கையில், டி.பி. பெட்டி எந்த அறையில், எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரியை நிரப்ப வேண்டும் என்று தெரிந்தால், கான்கிரீட்டுக்கு முந்தின நாள் போனில் "ஓரமா வை" என்று சொல்வதற்குப் பொறியாளர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிளானைப் பார்த்து வயர் இழுக்கும் ஒருவன்